மாத்திரைக்கும் தூக்கத்துக்கும் நடுவே

மாத்திரையை நாக்கில் வைத்தவுடன் விழுங்கிவிடக் கூடாது, ஒரு நொடி அதை அங்கேயே உட்காரவிட்டு, அதன் பிறகுதான் வெந்நீர் குடிக்க வேண்டும் என்று குழந்தைவேலு ஒரு சட்டம் வைத்திருந்தார். டாக்டரம்மா சொன்னதல்ல, இவராகச் சேர்த்துக்கொண்டது. முதலில் சாக்பீஸைக் கடித்த மாதிரி ஒரு வறட்டு ருசி, பிறகு இதமான சூட்டில் வெந்நீர், பிறகு தொண்டையில் ஒரு சின்ன இடறல், பிறகு பெண்டாட்டி அரசி எதிரில் நின்றுகொண்டு, "இறங்கிருச்சா?" என்று கேட்பது. அந்த ஒரு கேள்விக்காக மாத்திரை இன்னும் பெரிதாக இருந்தாலும் விழுங்கலாம் என்று அவருக்குத் தோன்றும். "இறங்கிருச்சு" என்றார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, அவர் கால் வைத்திருந்த பிளாஸ்டிக் பேசினில் விரலை விட்டுப் பார்த்து, சூடு போதாது என்று முகத்தாலேயே சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஆகா, இன்னும் ஒரு சொம்பு வெந்நீர் வரப்போகிறது. கூடத்தில் நீல நிற ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் எரிந்தது. கல்யாண மேடைக்குப் பின்னால் தொங்கவிடுகிற சரத்திலிருந்து அவரே கழற்றி மாட்டியது. செல்போன் வாயடைத்துப்போய் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. மூலையில் மேஜை மேல் பிள்ளையார் கோயில் கமிட்டிக்காரர்கள் கொண்டுவந்து போட்ட ஆம்ப்ளிஃபயர், மத்தியானம் பழுது பார்த்தது பார்த்தபடி இருந்தது. சாப்பிட்ட பிறகு தொழில் சாமானைத் தொடக் கூடாது என்பது டாக்டரம்மாவின் சட்டம். பக்கத்து வீட்டு டிவியில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். உப்புப் போட்ட தண்ணீரில் பாத வெடிப்புகள் லேசாக எரிந்தன, அந்த எரிச்சல்கூடச் சுகமாகத்தான் இருந்தது. எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை பொதுக்கூட்டம்! திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் குயில் ஒலி ஒளி அமைப்பகத்தின் பெட்டி அலறாத தெரு உண்டா? ஊரார் சாயங்காலத்துக்கெல்லாம் சத்தம் கொடுத்துக்கொண்டு அலைந்ததில் தன் வீட்டுச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் ஒரு ஆயுசு ஓடிவிட்டது. இப்போது புரட்டாசி. கல்யாணம் இல்லை. கூடவே இந்த மாத்திரை. வீட்டுச் சாயங்காலம் நீல நிறத்தில் இருக்கிறது என்று இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது.

மெக்னீசியம். அந்தப் பேரைச் சொல்லிப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். மைக்கில் சொல்லத் தோதான பேர். மெக்-கில் ஒரு தட்டு, னீ-யில் ஒரு இழுப்பு, யம் என்று வாய் மூடி முடிகிறது, முடிந்த பிறகும் மூக்குக்குள் கொஞ்ச நேரம் ரீங்காரம் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார் ஒரு நாடாவை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினார், வகுப்பறையே பளீரென்று வெள்ளையாகிப் போனது, "நேராப் பாக்காதீங்கடா" என்று அவர் கத்துவதற்குள் எல்லோரும் நேராகத்தான் பார்த்தார்கள். அதே மெக்னீசியம்தானே இது? அப்படி எரிந்த சாமான் வயிற்றுக்குள் போய் எப்படி விளக்கை அணைக்கும்? முதல் நாள் மாத்திரை போட்டுவிட்டுச் சட்டைப் பொத்தான் இடுக்கு வழியே வெளிச்சம் ஏதும் வருகிறதா என்று குனிந்து பார்த்ததை அவர் அரசியிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்றும் எரியவில்லை. ஆனால் கெண்டைக்கால் பிடிப்பு விட்டுவிட்டது. அது உண்மை, அதை மறைத்தால் பாவம். குழாய் ஸ்பீக்கர் கட்டக் கம்பத்தில் ஏறும்போதெல்லாம் கெண்டைச் சதை கல்லாய் இறுகிப் பிடித்துக்கொள்ள, ஏணியிலேயே ஒற்றைக் காலில் நின்று முருகனைக் கூப்பிட்ட காலம் போய், இப்போது கால் துவைத்துப் போட்ட துணியாகக் கிடக்கிறது. கால் தூங்குகிறது, முட்டி தூங்குகிறது, இடுப்பு வரைக்கும்கூடத் தூக்கம் ஏறிவிடுகிறது. கழுத்துக்கு மேல்தான் வர மாட்டேன் என்கிறது. கழுத்துக்கு மேலே அரசி சொன்ன ‘அப்ப சரி’ உட்கார்ந்திருக்கிறது.

‘அப்ப சரி’க்கு வருவதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் போக வேண்டும், அந்த வழியாக அவர் மனசு தினமும் போய்த் திரும்புகிறது, செக்குமாடு தோற்றுப்போகும். கால் பிடிப்பைக் காட்டத்தான் போனார்கள். நல்ல பெண், மகள் வயசு, கேள்வி மேல் கேள்வி கேட்டாள். தூக்கம் எப்படி, சுமார்தான். படுக்கும் முன்னால் டீ உண்டா, உண்டு. செல்போன் பார்ப்பதுண்டா, உண்டு. "தூங்குற ரூம்ல சத்தம் எதுவும் வருமாங்கய்யா?" சத்தம்! அவருடைய சப்ஜெக்ட். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தம்னு பாத்தா வீட்டம்மா குறட்டை ஒண்ணுதாம்மா. ஆனா நல்ல பேஸ். ட்ரெபிள், அந்தக் கீச்சுச் சத்தம், கம்மி. கேப் விட்டு கேப் விட்டு வரும், முடியுற எடத்துல லேசா எக்கோ கெடைக்கும்." சொன்னது பாராட்டு. முருகன் சத்தியமாகப் பாராட்டு. அடிவயிற்றில் போய் இறங்குகிற அந்த ஆழமான சத்தத்துக்காகத்தானே ஆள் உயரப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இந்தத் தொழிலில் ‘நல்ல பேஸ்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இவரும் சிரித்தார். கதவோரம் நின்ற நர்ஸும் சிரித்த மாதிரி இருந்தது. பக்கத்து ஸ்டூலில் இருந்த அரசி மட்டும் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டு, சுவரில் தொங்கிய குடல் படத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெக்னீசியம் எழுதுறேன், சாப்பிட்ட பெறகு போடுங்க. வெளிச்சத்தைக் கொறைங்க. ரூம் அமைதியா இருக்கணும், சத்தமே கூடாது." சத்தமே கூடாது என்றபோது அரசி ஒரு தடவை தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவர் அங்கேயே பிடித்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் முன்னால் லேடீஸ் சீட்டில் போய் உட்கார்ந்தாள். காற்று வரும் என்று போயிருப்பாள் என இந்த மடசாம்பிராணி நினைத்தார். அன்று சாயங்காலமே அவளுடைய தலையணை பெட்டி ரூமுக்குப் போய்விட்டது.

பெட்டி ரூம் என்றால் ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கிய அறை. கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரிக்க மட்டும் இடம் இருக்கும். "ஒங்களுக்குச் சத்தம் ஆகாதுன்னு சொல்லிட்டாங்கள்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவர் பிழைத்திருப்பார். அரசி கோபப்பட்டால் பாத்திரங்கள் பேசும், அரை நாளில் எல்லாம் ஓய்ந்துவிடும், முப்பது வருஷப் பழக்கத்தில் இவருக்கு அந்தச் சண்டையின் வளைவு நெளிவு அத்தனையும் அத்துப்படி. இது அக்கறை. அக்கறையோடு எப்படிச் சண்டை போடுவது? மறுநாள் காலையில் பால் பாத்திரத்தோடு நின்று, "தூங்குனீங்களா?" என்று கேட்டாள். பொட்டுத் தூக்கம் இல்லை. ஆனால் அவள் முகத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. "நல்லாத் தூங்குனேன்" என்றார். "அப்ப சரி" என்றாள். அந்த ‘ரி’ மேலே போனதா, கீழே இறங்கியதா? சந்தோஷத்தில் சொன்ன சரியா, சுருங்கிப் போய்ச் சொன்ன சரியா? எந்த ஆம்ப்ளிஃபயரில் எந்த வயர் விட்டிருக்கிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுகிற மனுஷன், பெண்டாட்டியின் இரண்டு சொல்லில் எது விட்டிருக்கிறது என்று தெரியாமல் அன்றிலிருந்து முழித்துக்கொண்டிருக்கிறார். தினமும் அவள் கேட்கிறாள், தினமும் இவர் நல்லாத் தூங்கினேன் என்கிறார், தினமும் அப்ப சரி.

அரசி சொம்போடு வந்தாள். பேசினின் ஓரமாக ஊற்றினாள்; சூடு நேராகக் காலில் படாமல் சுற்றிக்கொண்டு வந்து தழுவியது. குனிந்தபோது அவள் கழுத்துச் செயின் முன்னால் தொங்கி ஆடியது, கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று இறங்கின, ரசத்துக்குத் தட்டிய மிளகின் வாசம் அடித்தது, எத்தனை அழகாக இருக்கிறாள் இந்தப் பெண்பிள்ளை என்று குழந்தைவேலுவுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள். "ஏங்க, பெட்டி ரூம்ல ஒரு ஃபேன் மாட்டிக் குடுத்துருங்களேன். கொஞ்சம் வேக்காடா இருக்கு." ஃபேனா? "கீழ இருக்குற ஃபேன் வேணாம், தடுக்கும். மேல மாட்டுறது. நாளைக்கே மாட்டிருங்க, ஐப்பசி பொறந்துட்டா ஒங்களப் புடிக்க முடியாது." அவர் வாயிலிருந்து "ம்" என்று மட்டும் வந்தது. அவள் சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஃபேன்! தலையணை என்றால் விருந்தாளி. பாய் என்றால்கூட விருந்தாளிதான், காலையில் சுருட்டி வைத்துவிடுகிறோம். மேலே கொக்கி போட்டு ஃபேன் மாட்டிவிட்டால் அது குடித்தனம். அதையும் இவர் கையாலேயே மாட்ட வேண்டுமாம். நாளைக்குக் கொக்கி ஏறிவிட்டால் அப்புறம் யார் இறக்குவது? தூங்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? குறட்டை சுவரைத் தாண்டிக் கேட்கிறது போலிருக்கிறது என்று நினைத்து மாடியில் போய்ப் படுப்பாள். நல்லாத் தூங்கினேன் என்று சொல்லிக்கொண்டே போனால், பார்த்தீர்களா, நான் இல்லாமல் நல்லாத் தூங்குகிறீர்கள் என்று நிரந்தரமாக அங்கேயே தங்கிவிடுவாள். நிஜமாகவே தூக்கம் வந்துவிட்டால் அதைவிட மோசம், பொய் உண்மையாகிவிடும். இந்த மாத்திரை வேலை செய்யாவிட்டாலும் ஆபத்து, வேலை செய்தாலும் ஆபத்து. தூங்கினால், தூங்காவிட்டால், சொன்னால், சொல்லாவிட்டால், திரும்பத் திரும்பச் சுற்றி வந்து மண்டைக்குள் கூய்ய்ங் என்று ஊளை கிளம்பியது. இந்த ஊளை அவருக்குத் தெரியும். மைக், ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றால் பெட்டியின் சத்தம் மைக்கில் போய், மைக்கின் சத்தம் பெட்டியில் வந்து, அதுவே மறுபடி மைக்கில் போய், கூட்டமே காதைப் பொத்திக்கொள்ளும். புதுசாகத் தொழிலுக்கு வந்தவன் பதறிப்போய் எல்லா வால்யூம் திருகையும் குறைப்பான். விஷயம் தெரிந்தவன் திருகைத் தொடவே மாட்டான். மைக்கை எடுத்து இடம் மாற்றி வைப்பான், அவ்வளவுதான். எந்த மைக்கை? எங்கே மாற்றி வைப்பது?

இத்தனைக்கும் அந்தக் குறட்டைதான் அவருடைய வீடு. திருவிழா முடிந்து பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடிகிற நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்பார், காதெல்லாம் குழாய்ச் சத்தத்தில் மரத்துப் போயிருக்கும், சாவியைப் போடுவதற்கு முன்னால் கதவில் காதை வைத்தால் உள்ளே இருந்து அது வரும், கேப் விட்டு கேப் விட்டு. சரி, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. ஒரு தடவை மட்டும் அது கேட்கவில்லை. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, மயக்கம் தெளியாமல் கட்டிலில் கிடந்தவள் ஒரு சத்தமும் போடாமல் கிடந்தாள். நர்ஸ்கள் நல்லாத்தான் இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க என்று சொன்னார்கள். இவர் நம்பவில்லை. மறுநாள் லேசாக ஒரு கொர் வந்ததும்தான் கேன்டீனுக்குப் போய் அழுதுகொண்டே இட்லி சாப்பிட்டார். இப்போது பெட்டி ரூம் கதவை மூடிக்கொண்டு அவள் படுத்தால் ஒன்றுமே கேட்பதில்லை. இத்தனை பெரிய பெட்டிகள், அத்தனையும் பஞ்சும் பலகையும்; சத்தத்தைக் கொடுக்கிற சாமான் சத்தத்தைத் தின்னவும் செய்யும். அமைதியில் அவர் காது பெரிதாகிக்கொண்டே போகும். ஃபிரிட்ஜ் மூச்சு விடுவது கேட்கும், சுவர்ப் பல்லி நகர்வது கேட்கும், தன் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்கும், கேட்க வேண்டியது மட்டும் கேட்காது. எழுந்து போய்க் கதவில் காதை வைத்துக்கொண்டு திருடன் மாதிரி நிற்பார். பயம்தான். அதற்கு வேறு பேர் வைப்பானேன்.

"கால எடுங்க" என்று அரசி துண்டைப் போட்டாள். துடைத்துக்கொண்டார். அவள் பேசினைத் தூக்கிப்போய் முற்றத்தில் கொட்டினாள், மிஞ்சிய தண்ணீர் சாக்கடையில் சலசலத்தது. "போய்ப் படுங்க. தூக்கத்தை விரட்டாதீங்க, அதுபாட்டுக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு மாமியார் இன்னும் அழுது முடிக்கவில்லை. குழந்தைவேலு கட்டிலுக்குப் போகவில்லை. மேஜையைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கிளம்பிய வயர் சுவர் ஓரமாக நெளிந்து பெட்டி ரூம் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. மத்தியானம் இழுத்தது. பழுது பார்த்த சாமானைச் சோதிக்கிற பெட்டி எப்போதும் அங்கேதான், அலமாரிக்கு மேலே, இப்போது அவள் தலைக்கு நேர் மேலே. மேஜை மேல் மைக், கழுத்து மடங்கிப் படுத்திருந்தது. அவருக்கு ஏனோ மாரியம்மன் திருவிழா ஞாபகம் வந்தது. மேடைக்கு ஓடிவந்து நின்ற ஒரு பெண், மூச்சு வாங்க, "எந் தங்கச்சியக் காணோம், மைக்குல சொல்லுங்க." இவர் சொன்னார், கணீரென்று சொன்னார், தங்கச்சி பலூனோடு வந்து சேர்ந்தாள். "ஒங்க பேரு?" என்று கேட்க நினைத்து இவர் மைக் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். அந்தப் பெண் போகிற போக்கில் சொன்னாள்: "மைக்குல இருக்குற தைரியம் நேர்ல இல்லையே!" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அரசி எத்தனை தடவை அதையே சொல்லிக் கேலி செய்திருக்கிறாள். அட! மைக்கை இடம் மாற்றி வை என்றால் இதுதானா? நேரில் வராதது நேரில் வராது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா மன்னிக்க வேண்டும். சுவிட்சைத் தட்டினார், சிவப்பு விளக்கு வந்தது, ஹம் என்கிற இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது, அவர் கை வேலை அல்லவா. திருகைக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றினார். மைக்கை ஊதவில்லை, தட்டவில்லை. குரலை மட்டும் செருமிக்கொண்டார்.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. திண்டுக்கல்லைச் சேர்ந்த மங்கையர்க்கரசி என்கிற அரசி, கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தியவர், கையில் ஒரு தலையணையுடன் கடந்த சில நாட்களாகக் காணவில்லை. அவருடைய வீட்டுக்காரர் மேடைக்கு அருகில் வெகு நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார். மேற்படி அரசி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரும்படி விழாக் குழுவினர் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்." கதவுக்கு அந்தப் பக்கம் தன் குரலே பெரிதாகத் திரும்பி வருவதைக் கேட்டார். வேறு எந்தச் சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டு டிவி சட்டென்று குறைந்தது. போச்சு, தெருவே கேட்கிறது. கேட்கட்டும். வாய் தானாகவே போய்க்கொண்டிருந்தது. "மீண்டும் ஒருமுறை அறிவிக்கிறோம். நல்லாத் தூங்கினேன் என்று வீட்டுக்காரர் தினமும் சொன்னது பொய். குறட்டை இல்லாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல பேஸ் என்று அவர் சொன்னது..." இந்த இடத்தில் மேடைத் தமிழ் அவரைக் கைவிட்டுவிட்டது. "...பெருமையாச் சொன்னேன், அரசி."

கதவு திறந்தது. தலையணை அவள் கக்கத்தில் இருந்தது. முகத்தில் சிரிப்பா அழுகையா என்று நீல வெளிச்சத்தில் தெரியவில்லை. "ஆஃப் பண்ணுங்க மொதல்ல" என்றாள். பண்ணினார். "பேஸ்னா பெருமையா?" "எங்க தொழில்ல அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல." "அப்ப அத அந்தம்மா முன்னாடியே வெளக்கிச் சொல்றதுக்கென்ன? நர்ஸெல்லாம் சிரிக்குது." "தெரியல. எனக்கு அது பாராட்டுன்னுதான் தோணுச்சு." அவள் நாற்காலி ஓரத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நானும் ஒரு நாள்கூட அங்க தூங்கல. நீங்க வெளிய போயிருந்தாலும் நம்ம கட்டில்ல எனக்குத் தூக்கம் வந்துரும். பெட்டிக்கு நடுவுல கெடந்து முழிச்சுக்கிட்டே இருப்பேன். காலையில நீங்க நல்லாத் தூங்குனேம்பீங்க. அப்ப இத்தன வருசமா நாந்தான் ஒங்க தூக்கத்தக் கெடுத்திருக்கேன்னு நெனச்சேன்." அந்த ‘ரி’ கீழேதான் இறங்கியிருக்கிறது. முட்டாள் காது, முட்டாள் காது! அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஃபேன்?" என்றார். "எனக்கெதுக்கு ஃபேனு. பெட்டிக்கு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அடங்கவில்லை, இவரும் சேர்ந்துகொண்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலும் யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

கட்டிலில் அவளுடைய பக்கம் அமுங்கியது. அந்த அமுங்கலில் இவர் உடம்பு அரை விரல் அந்தப் பக்கம் சரிந்தது, எத்தனை நாளாயிற்று இப்படிச் சரிந்து. அப்போது பார்த்துத் தூக்கம் வந்தது, பாழாய்ப் போன தூக்கம். கழுத்தைத் தாண்டிக் குபுகுபுவென்று ஏறியது. இரு, இரு, இப்போது வேண்டாம் என்று குழந்தைவேலு அதோடு மல்லுக்கு நின்றார். முதல் குறட்டையைக் கேட்க வேண்டும், அது வரைக்கும் முழித்திருக்க வேண்டும், அதற்கப்புறம் நீ எப்படி வேண்டுமானாலும் வா. மெக்னீசியத்துக்குத் தெரியுமா இவர் பாடு. நாடா எரிந்து முடிந்த பிறகு இடுக்கியில் வெள்ளைச் சாம்பல் மட்டும் நின்றது, தொட்டால் உதிர்ந்தது, வாத்தியார் ஊதினார், பொன்னிறமாய் ஒரு பலூன், மேடைக்கு வரவும், மேடைக்கு அருகில் வரவும், இமை இரண்டும் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இறங்கின. அப்போது அது கேட்டது. ஆரம்பித்துவிட்டது! கிட்டத்தில், மிகக் கிட்டத்தில், கொர்ர் என்று கட்டில் பலகை அதிர. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்துவிட்டாள், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. ஆனால் பேஸ் கொஞ்சம் மாறியிருக்கிறதே, ட்ரெபிளும் இவ்வளவு இருந்ததில்லையே, பெட்டி ரூமில் படுத்து ஜலதோஷம் பிடித்திருக்குமோ, நாளைக்குச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவர் கவலைப்படத் தொடங்கியபோது, எங்கோ தூரத்தில், அவள் சுத்தமாக முழித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. "ஏங்க. நல்ல பேஸ்தான். ட்ரெபிளத்தான் கொஞ்சம் கொறைக்கணும்." அது யாருடைய குறட்டை என்று அப்போதுதான் குழந்தைவேலுவுக்குப் புரிந்தது, புரிந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் தூங்கிப்போனார்.